கல்லுக்குத் தங்க விலை: விசேஷத்துக்கு நகையும் வளையலும் வாங்குவோர் செய்யும் தவறுகள்

மணப்பெண் அலங்காரமும் வாடகை நகையும் என் தொழில். மதுரையில் பதினெட்டு வருடங்களாகச் செய்துவருகிறேன். முகூர்த்த மாதம் நெருங்கினால் பெண் வீட்டார் வாங்கிய நகைகளையெல்லாம் கொண்டுவந்து என் மேசையில் பரப்பி, "இதற்குப் பொருத்தமாக என்ன போடலாம்?" என்று கேட்பார்கள். நான் முதலில் நகையைப் பார்ப்பதில்லை, பில்லைத்தான் கேட்பேன்.

போன ஆவணியில் ஓர் அம்மா சிவப்புக் கெம்புக்கல் வைத்த ஆரம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நல்ல வேலைப்பாடு, கண்ணைப் பறிக்கும் நகாசு. பில்லில் மொத்த எடை 41.200 கிராம் என்றிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் நிகர எடை, அதுவும் 41.200. நகை முழுக்கக் கல் பதித்திருக்கிறது, பில்லில் கல்லுக்கு எடையே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2009இல் என் தங்கை கல்யாணத்துக்கு நான் செய்த அதே தவறு, வரி மாறாமல்.

நாலு கடை ஏறி இறங்குங்கள், பில் வாங்குங்கள், முத்திரை பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் வீட்டுப் பாட்டிக்கே தெரியும். தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கல்லையும் அரக்கையும் தங்கமாக நிறுத்து வாங்குவது

தங்கைக்கு நான் வாங்கியது ஐந்து பவுன் ஆரம், அதாவது நாற்பது கிராம். கடையில் காபி கொடுத்தார்கள். "செய்கூலி கிடையாது, சேதாரம் மட்டும்தான்" என்றார்கள். சேதாரத்தில் இரண்டு சதவீதம் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடி, ஜெயித்துவிட்ட பெருமிதத்தோடு வெளியே வந்தேன். தராசில் வைத்தபோது கல்லின் எடையைக் கழித்தார்களா என்று கேட்க வேண்டும் என்பதே தோன்றவில்லை.

ஏழு வருடம் கழித்து அந்த ஆரத்தை அடகு வைக்கப் போனோம். வங்கியின் நகை மதிப்பீட்டாளர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லுக்கென்று ஒரு பெரிய தொகையைக் கழித்தார். கோபத்தோடு தெற்காவணி மூல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பின்புறத்தைச் சூடுகாட்டியதும் கல்லைப் பிடித்திருந்த அரக்கு உருகும் வாசனை வந்தது. சின்ன ஊசியால் நெம்பி ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தாளில் போட்டார். கல்லோடு சேர்ந்து கருத்துப்போன தகடுத் துணுக்குகளும் அரக்குப் பொடியும் விழுந்தன. அரை மணி நேரத்தில் ஆரம் பல் கொட்டிய கிழவியைப் போல் ஆகிவிட்டது. தராசில் வைத்தார், 33.100 காட்டியது.

பிறகு ஒரு கல்லை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சோடா பாட்டிலில் தெரிவதுபோல் உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழ்கள். கண்ணாடி! தாளை மடித்துப் பொட்டலமாக்கி என் கையில் வைத்து, "இதுவும் உங்கள் பொருள்தானே அம்மா" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அந்தப் பொட்டலம் இன்றைக்கும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சௌகரியத்துக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்றும், கல்லும் அரக்கும் 7 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குத் தங்க விலையாக 70,000 ரூபாய் போய்விடுகிறது. சேதாரம் 18 சதவீதம் என்றால் அதையும் மொத்த எடைக்கே போடுவார்கள். அந்தக் கண்ணாடி சேதாரமானதற்காக 12,600 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 3 சதவீத ஜிஎஸ்டி 2,478 ரூபாய். ஆக 85,078 ரூபாய். இதற்கு மேல் "கல் விலை" என்று தனியாக ஒரு வரி பில்லில் இருந்தால், ஒரே கல்லை இரண்டு முறை வாங்கியிருக்கிறீர்கள். நான் அரை மணி நேரம் வாதாடிக் குறைத்த இரண்டு சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை எடுத்துச் சொன்னால் உடனே வரும் பதில், "ஹால்மார்க் இருக்கிறதே!" என்பது. இருக்கட்டும். ஹால்மார்க் சொல்வது தங்கத்தின் தரத்தை மட்டும்தான். 916 என்றால் அந்த நகையில் உள்ள தங்கம் ஆயிரத்துக்கு 916 பங்கு தூய்மையானது. நகையில் எவ்வளவு தங்கம், எவ்வளவு கல் என்பதற்கு அது சாட்சி சொல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாளக் குறியீடு கட்டாயமானது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், பாருங்கள். ஆனால் அங்கே பச்சை விளக்கு எரிந்ததும் தராசை மறந்துவிடாதீர்கள். குந்தன், போல்கி, ஜடாவ் என்ற கல் பதித்த வடநாட்டு வகை நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்தே விலக்கு உண்டு. கல்லும் அரக்கும் அதிகமாக உள்ள நகைகளும் அவைதான்.

இன்னொரு வகைக் கடைகள் உண்டு. கல்லின் எடையை ஒழுங்காகக் கழிப்பார்கள், கல்லின் விலையில் பிடித்துக்கொள்வார்கள். பில்லில் "கல் 35 காரட்" என்றிருக்கும். தங்கத்துக்குக் காரட் என்றால் தரம், கல்லுக்குக் காரட் என்றால் எடை. ஐந்து காரட் ஒரு கிராம். ஆக 35 காரட் என்பது அதே 7 கிராம்தான். காரட்டுக்கு 800 ரூபாய் என்று போட்டால் 28,000 ரூபாய். திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த 28,000 ரூபாய்க்கு எத்தனை ரூபாய் தருவார்கள் என்று வாங்கும்போதே கேளுங்கள், பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டவுடன் கடைக்காரரின் முகத்தைக் கவனியுங்கள். கல்லின் உண்மையான மதிப்பு அங்கே தெரியும்.

கண்ணால் பார்த்துக் கல்லின் எடையைச் சொல்லிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரே அளவில் இருந்தாலும் சிர்கான் என்று கடையில் சொல்லும் க்யூபிக் சிர்கோனியா கல் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும், கண்ணாடி வைரத்தைவிட லேசாக இருக்கும். வெள்ளைக் கல் நெக்லஸை "பொடிக்கல்தானே, என்ன எடை இருந்துவிடப் போகிறது" என்று விடுவது சரியல்ல. நூறு பொடிக்கல் சேர்ந்தால் தராசு அசையும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். நகையில் கட்டியிருக்கும் அட்டையைப் பேரத்துக்கு முன்பே வாங்கிப் பாருங்கள். அதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் இருக்க வேண்டும். நிகர எடைக்குத்தான் தங்க விலை, நிகர எடைக்குத்தான் சேதாரம். ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடையைக் குறிப்பிட வேண்டும் என்பது பிஐஎஸ் விதி, கடைக்காரர் காட்டும் கருணை அல்ல. கல்லின் பின்புறம் மூடிய வேலைப்பாடாக இருந்தால் "உள்ளே அரக்கு இருக்கிறதா, அதைக் கழித்தாயிற்றா?" என்று தனியாகக் கேளுங்கள். கல் எடையில் அரக்கைச் சேர்க்காமல் விடுவது வெகு சகஜம்.

அந்த ஆவணி அம்மா அன்று மாலையே மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அட்டையைக் காட்டச் சொன்னதும், கம்ப்யூட்டரில் கல் எடை விட்டுப்போய்விட்டதாகச் சொல்லிப் புது பில் போட்டுக் கொடுத்தார்களாம். கம்ப்யூட்டர் எப்போதும் கடைக்காரருக்குச் சாதகமாகவே மறக்கிறது.

"கேடிஎம் நகை, அசல் தங்கம்"

கேடிஎம் என்பது நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும், காட்மியம் கலந்த பற்றாசு. தங்கத்தின் தரம் அல்ல.

கெம்பைக் குளிப்பாட்டுவது

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளைப் போன்ற கெம்பு நகைகளில், கல்லுக்குப் பின்னால் மினுக்கத்துக்காக மெல்லிய தகடு வைத்து மூடியிருப்பார்கள். அந்தச் சிவப்பு பாதி கல்லின் நிறம், பாதி தகட்டின் ஒளி. தண்ணீர் உள்ளே போனால் தகடு கருத்துவிடும். கல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் உயிர் போயிருக்கும். என் அத்தை தன் அட்டிகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தார். கல்லில்லாத தங்கச் சங்கிலிக்கு அது அருமையான வைத்தியம். அட்டிகைக்கு அதுவே கடைசிக் குளியல் ஆயிற்று. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வாசனைத் திரவியத்தை நகை போடுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள்.

வளையல் அளவைக் கணக்குப் பாடத்தில் தேடுவது

இதில் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. வருகிற சிறுமிகளுக்குக் கொடுக்க ஆறு டஜன் கண்ணாடி வளையல் வாங்கும் பொறுப்பு எனக்கு. அளவுகள் 2.2, 2.4, 2.6, 2.8, 2.10 என்று எழுதியிருந்தன. பள்ளிக்கூடத்தில் தசமம் நன்றாகப் படித்தவள் நான். 2.10 என்றால் 2.1, அதுதான் எல்லாவற்றிலும் சின்னது என்று முடிவு கட்டி, ஆறு டஜனையும் வாங்கிவிட்டேன். விசேஷத்தன்று பிள்ளைகள் கையைத் தொங்கவிட்ட மாத்திரத்தில் வளையல்கள் வரிசையாகக் கீழே விழுந்து உடைந்தன. கூடம் பூராவும் சிவப்பும் பச்சையுமாகத் துண்டுகள். பெரியவர்கள் சகுனம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. புள்ளிக்கு முன்னால் அங்குலம், பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் அங்குல உள்விட்டம். 2.8 என்றால் இரண்டரை. 2.10 அதற்கும் பெரியது. பழைய வளையல்காரர்களிடம் இரண்டேகால், இரண்டரை என்று கேட்டால் இந்தக் குழப்பமே வராது.

வளைகாப்புப் பெண்ணுக்கு வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழாம் மாதத்தில் கை வீங்கியிருக்கும். அவள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். அந்த வளையல்கள் பிரசவம்வரை கையில் கிடக்க வேண்டியவை, அதற்குள் வீக்கம் இன்னும் கூடலாம். இப்போதைய அளவுக்கு ஒரு படி மேலே வாங்குங்கள். காலையில் அளவெடுக்காதீர்கள், சாயங்காலம் எடுங்கள்.

ஒட்டைத் தடவிப் பார்க்காதது

கண்ணாடி வளையல்கள் பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாதிலிருந்து வருகின்றன. உருகிய கண்ணாடியைச் சுழலும் உருளையில் சுருளாகச் சுற்றி, சுருளை வெட்டி, வெட்டிய ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் தீயில் காட்டி ஒட்டுகிறார்கள். ஆகையால் சாதாரண வளையல் எதை எடுத்தாலும் ஓர் ஒட்டு இருக்கும். உள்பக்கமாக நகத்தை ஓட்டுங்கள், ஒட்டு நகத்தில் தட்டுப்பட்டால் அது மணிக்கட்டையும் பட்டுப்புடவையையும் கிழிக்கும். பிறகு டஜனைச் சரத்தோடு பிடித்து லேசாகக் குலுக்குங்கள். கலகலவென்று ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று மந்தமாக ஒலித்தால் விரிசல் விட்ட வளையல் அதில் இருக்கிறது. புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய பிறகும் நான் வாங்கும் முறை இதுதான். கடைக்காரர்கள் என்னைக் கண்டால் பெருமூச்சு விடுவார்கள்.

கிரிஸ்டல் கிண்ணத்தில் ஊறுகாய்

ஈயம் கலந்த கிரிஸ்டலின் மினுக்கமே ஈயத்தால்தான். புளிப்பு பட்டால் ஈயம் கசியும். அலமாரியில் வையுங்கள்.

அலங்காரக் கண்ணாடியில் திரி ஏற்றுவது

புதுமனை புகுவிழாவுக்குப் பித்தளைத் தண்டும் கண்ணாடி அகலுமாக ஒரு விளக்கை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். எண்ணெய் குறைந்து திரி விளிம்பில் சாய்ந்து எரிந்தது. பத்தே நிமிடத்தில் 'டப்' என்று பிளந்து, மிச்ச எண்ணெய் புதுத் தரையில் ஓடியது. வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரியும் அளவு சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓரிடம் சுட்டு மற்ற இடம் குளிர்ந்திருந்தால் இழுபறியில் பிளந்துவிடும். கடையில் "விளக்கு" என்று எழுதி வைத்திருப்பதாலேயே அது தீயைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. அழகுக்காக வாங்கியே தீருவீர்கள் என்றால் பாதி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் எண்ணெய் விட்டு, மிதக்கும் திரி போடுங்கள். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானாக அணைந்துவிடும். இல்லையென்றால் உள்ளே ஒரு மண் அகலை வைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நகை வாங்கப் போவது

போகாதீர்கள். என்னிடம் வாருங்கள், வாடகைக்குத் தருகிறேன்.