ஆடிய சிலேற்றுக் கற்களை மீண்டும் பதித்த விதம்

மாரி மழையோடு எங்கள் யாழ்ப்பாண வீட்டு முற்றத்தின் ஒழுங்கற்ற சிலேற்றுக் கற்கள் ஆடத் தொடங்கின. தட்டினால் வெற்றொலி, ஏனென்றால் மேசன் அடியில் சாந்தை அங்கங்கே குவியலாக மட்டும் வைத்திருந்தார். சிலேற்று, களிமண் படிவு இறுகி உண்டான கல். படை படையாகப் பிரியும். நீரை அதிகம் உறிஞ்சாது. நம்மூர்ச் சுண்ணாம்புக் கல்லைப் போல் சாந்தை எளிதில் பற்றாது.

கற்களைக் கிளப்பி, உதிரும் படையைச் சுரண்டிக் கழுவினேன். ஈரமான அடிப்பக்கத்தில் சீமெந்துப் பால் (நீரில் கரைத்த சீமெந்து) பூசி, ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் கலந்த சாந்தை இடைவெளியின்றிப் பரப்பி, றப்பர்ச் சுத்தியலால் தட்டி இருத்தினேன். பெரிய கற்களை ஓரத்தில் வையுங்கள். அங்கே சிறிய கல்தான் முதலில் பெயரும். மீற்றருக்கு 15 மில்லிமீற்றர் சரிவு கேற்றுப் பக்கம் கொடுத்தேன். சாந்து இறுகும்வரை நனைத்த சாக்கால் மூடினேன். மிஞ்சிய துண்டுகள் மதில் தூணுக்குப் போயின. அந்தச் சாம்பல் நீலம் அவ்வளவு அழகு!