வாரிக் பிரபுவின் பலம் எங்கிருந்து வந்தது? நிலத்தை வைத்துத் தடம் பிடிக்கும் முறை

ரோஜாப் போர்களை (15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் அணிகள் மோதிய போர்கள்) படிக்க உட்காருபவர்களில் பலர் பெயர்க் காட்டிலேயே வழி தவறிவிடுகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் போடுவதைவிட, எந்த நிலம் யார் வழியாக யாருக்குப் போனது என்று எழுதிப் பார்த்தால் பாதிச் சிக்கல் அவிழும். பழகிக்கொள்ள நல்ல ஆள், ‘அரசர்களை ஆக்கியவர்’ என்று பெயரெடுத்த வாரிக் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ரிச்சர்ட் நெவில் (1428–1471).

அகலமான தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆள், பட்டம், நிலம், யார் வழி வந்தது, இப்போது யார் கையில் முடங்கியிருக்கிறது. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

பெயரைப் பட்டத்தோடு சேர்த்தே எழுதுங்கள். ‘ரிச்சர்ட் நெவில்’ என்று மட்டும் குறித்தால் அப்பாவா மகனா என்று தெரியாது. அப்பா சால்ஸ்பரி ஏர்ல், மகன் வாரிக் ஏர்ல். இதைவிடத் தலைவலி இசபெல் டெஸ்பென்சர். அவருடைய முதல் கணவர் வுஸ்டர் ஏர்ல் ரிச்சர்ட் பீச்சம். அவர் 1422-ல் இறந்த பிறகு மணந்தது வாரிக் ஏர்ல் ரிச்சர்ட் பீச்சம். இருவரும் பங்காளிகள். (Beauchamp என்பதை எழுத்துக்கூட்டி ‘பொஷாம்ப்’ என்று வாசிக்க வேண்டாம், இங்கிலாந்தில் பீச்சம்தான்.)

அடுத்து, மூத்த தாரத்துப் பிள்ளைகளையும் இளைய தாரத்துப் பிள்ளைகளையும் வேறு வேறு நிற மையில் எழுதுங்கள். வாரிக்கின் தாத்தா ரால்ஃப் நெவில், வெஸ்ட்மோர்லண்ட் ஏர்ல், 1425-ல் இறந்தார். இரண்டு மனைவியர், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பட்டம் மூத்த தாரத்துப் பேரனுக்குப் போனது. மிடில்ஹம், ஷெரிஃப் ஹட்டன் போன்ற கொழுத்த நிலங்கள் இளையவர் ஜோன் போஃபர்ட்டின் பிள்ளைகளுக்குப் போயின. பட்டம் ஒரு கிளையில், பலம் இன்னொரு கிளையில். ஜோனின் மகனான வாரிக்கின் அப்பாவுக்குச் சால்ஸ்பரி பட்டமே மனைவி ஆலிஸ் மான்டகு வழி வந்தது. அவருடைய அப்பா 1428-ல் ஆர்லியன்ஸ் முற்றுகையில் காயம்பட்டு இறந்தார்.

மகன் வாரிக்குக்கும் அதே கதைதான். அவர் மனைவி ஆன் பீச்சம், மேலே சொன்ன வாரிக் ஏர்ல் பீச்சமுக்கு இளைய தாரமான இசபெல் வழிப் பிறந்த மகள். மூத்த தாரத்தில் அவருக்கு மூன்று அக்காமார். ஆனின் உடன்பிறந்த அண்ணன் ஹென்றி 1446-லும், ஹென்றியின் குழந்தை 1449-லும் இறக்க, அரை ரத்த உறவு (அப்பா ஒருவர், அம்மா வேறு) வாரிசாகாது என்ற விதியால் ஏர்ல் பட்டம் ஆனின் கணவரிடம் வந்தது. மூத்தாள் மகள்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களில் ஒருவர் எட்மண்ட் போஃபர்ட்டின் மனைவி. சாமர்செட் டியூக்கான அந்தப் போஃபர்ட்டும் வாரிக்கும் பின்னால் எதிரெதிர் அணியில் நின்றதை இங்கே ஒரு கோடு போட்டு இணைத்து வையுங்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கட்டம். கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள் முழுக்க. திருமணத்தின்போது இருவர் பெயரிலும் எழுதிய நிலம் இருந்தால் அது தனி. நார்ஃபோக் டியூக்கின் விதவை கேத்தரின் நெவில் 1432-ல் கணவரை இழந்தார். மகன், பேரன், கொள்ளுப்பேத்தி மூவரும் போன பிறகும் 1483-ல் உயிரோடிருந்தார். அதுவரை நார்ஃபோக் டியூக்குகளின் வருமானத்தை முழுதாகக் கணக்கிட்டால் தப்பு. வாரிசு 21 வயது ஆகாத பையன் என்றால் நிலம் அரசரின் பொறுப்பில் இருக்கும். அந்தப் பொறுப்பை அரசர் யாருக்கு விற்றார் என்பதையும் எழுதுங்கள்.

ஆதாரத்துக்கு, இறப்புக்குப் பின் நடந்த நில விசாரணைகளைப் பாருங்கள். எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஜூரியிடம் சத்தியம் வாங்கிக் கேட்பார்: என்ன நிலம், யாருக்குக் கீழ், எப்போது இறந்தார், வாரிசு யார், வயது என்ன. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆறாம் ஹென்றி காலத்தவைக்கு வரிசை எண் சி 139, நான்காம் எட்வர்ட் காலத்தவைக்கு சி 140. இவற்றில் நில மதிப்பைப் பெரும்பாலும் குறைத்தே சொல்லியிருப்பார்கள். ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்றால் மேஜர் என்று மட்டும் கொள்ளுங்கள். நம்பிக்கையானவர்கள் பெயருக்கு மாற்றி வைத்த நிலம் இதில் வராது. ஒரு பெரிய பிரபு திடீரென ஏழையாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

தேதியிலும் கவனம் வேண்டும். அன்று ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். இரண்டாம் செயின்ட் ஆல்பன்ஸ் போர் நமக்கு 1461 பிப்ரவரி 17, அவர்களுக்கு 1460. நான்காம் எட்வர்டின் ஆட்சியாண்டோ மார்ச் 4-ல் தொடங்கும்.

வாரிக் 1471 ஏப்ரல் 14-ல் நான்காம் எட்வர்டை எதிர்த்துப் பார்னெட் போரில் விழுந்த பிறகு வரும் பக்கங்கள்தான் உண்மையான பரீட்சை. கிளர்ச்சி செய்தவர் நிலத்தை நாடாளுமன்றச் சட்டத்தால் பறிப்பது வழக்கம். இங்கே அது நடக்கவில்லை. அரசர் கொடுத்த நிலத்தை அரசர் திரும்ப எடுக்கலாம், மனைவி வழி வந்த சொத்தை அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது. வாரிக்கின் மகள்களை மணந்த எட்வர்டின் தம்பிகள் கிளாரன்ஸும் குளோஸ்டரும் இரண்டாவதையே விரும்பினார்கள். அதனால் உயிரோடிருந்த ஆன் பீச்சத்தை ‘இயற்கையாக இறந்தவர் போல’ நடத்தச் சட்டம் வந்தது. வடக்கு நெவில் நிலங்கள் ஆண் வாரிசுக்கே உரியவை என்பதால், வாரிக்கின் தம்பி ஜானின் ஆண் வாரிசு உயிரோடிருக்கும் வரைதான் குளோஸ்டரின் பிள்ளைகளுக்கும் அவை செல்லும், இல்லாவிட்டால் அவருக்கு ஆயுள் உரிமை மட்டும் என்று 1475-ல் எழுதப்பட்டது. ஜானின் மகன் ஜார்ஜ் 1483 மே 4-ல் பிள்ளையின்றி இறந்தார். ஜூன் 26-ல் குளோஸ்டர் மூன்றாம் ரிச்சர்டாக ஆட்சியை ஏற்றார். இரண்டு தேதியையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். நடுவில் அம்புக்குறி போட மட்டும் அவசரப்படாதீர்கள்.