உணர்ச்சியறியும் மென்பொருளை விற்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருஷங்களுக்கு முன்பு, சென்னை ஓஎம்ஆரில் ஒரு கால் சென்டரில் நண்பர் ஒருவரின் டெமோவுக்குத் துணையாகப் போயிருந்தேன். போனில் பேசும் வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறாரா என்று குரலை வைத்துச் சொல்லும் மென்பொருள். பதிவான அழைப்பு ஒன்றை நண்பர் ஓட்டினார். திரையில் பட்டை மளமளவென ஏறிச் சிவப்பானது. பின்வரிசையில் இருந்த சூப்பர்வைசர் அம்மா சிரித்துவிட்டார். "சார், அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசுறாரு. பின்னாடி ஹாரன் கேக்குதுல்ல? கத்தாம எப்படிப் பேசுவாரு?"

அடுத்த அழைப்பில் ஒருவர் நிதானமாக, "ரொம்ப நல்லா பண்றீங்க. நாலு நாளா நல்லாவே பாத்துக்கறீங்க" என்றார். பட்டை பச்சையிலேயே நின்றது. அந்த ஆள் அன்று சாயங்காலமே கனெக்‌ஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

வியாபாரம் நடக்கவில்லை. மென்பொருளில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, நாங்கள் எதை விற்க வந்திருக்கிறோம் என்பது எங்களுக்கே தெளிவாக இல்லாததுதான்.

இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் "மனசுக்குள் இருப்பதைச் சொல்லிவிடும்" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறே அங்கேதான். கருவிக்குத் தெரிவது முகத் தசையின் அசைவு, குரலின் ஏற்ற இறக்கம், எழுதிய வார்த்தை, அவ்வளவுதான். கோபம், பயம், அருவருப்பு, சோகம், மகிழ்ச்சி, வியப்பு என்ற ஆறும் எல்லா மனிதர் முகத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன என்ற அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனின் கருத்தின் மேல்தான் பல மென்பொருள்கள் நிற்கின்றன. 2019-இல் லிசா ஃபெல்ட்மேன் பாரெட் உட்பட ஐந்து ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினார்கள்: கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைக் கடுமையாக வைத்திருப்பது சராசரியாக 30 சதவீத நேரம்கூட இல்லை. மீதி நேரம் அழுவார்கள், சிரிப்பார்கள், பேசாமல் இருப்பார்கள். வீட்டில் ஒரு அம்மா இருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஆய்வே வேண்டாம்.

பயிற்சிக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் எஃப்இஆர்-2013 என்ற தரவைப் பாருங்கள். 48-க்கு 48 பிக்சலில் 35,887 கறுப்பு வெள்ளை முகப் படங்கள். அதில் எந்த முகத்தில் எந்த உணர்ச்சி என்று மனிதர்களே 65 சதவீதம் அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். அருவருப்பு என்ற வகைக்கு இருப்பது வெறும் 547 படங்கள். இதில் பழக்கிவிட்டு "95 சதவீதம் துல்லியம்" என்று ஸ்லைடில் போட்டால், விஷயம் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகிக்கும் வசதியையே எடுத்துவிடுவதாக அறிவித்தது. அமேசான், தன் கருவி தருவது முகத்தின் வெளித்தோற்றத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே என்று ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் இதற்குச் சந்தையே இல்லையா? உண்டு. அஃபெக்டிவா கம்பெனியின் கதை இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து 2009-இல் ராசலிண்ட் பிக்கார்ட், ராணா எல் கலியூபி இருவரும் தொடங்கியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உதவ வேண்டும் என்பதுதான் பின்னாலிருந்த ஆராய்ச்சி. காசு வந்தது விளம்பரச் சோதனையிலிருந்து. பிறகு கார்களுக்குள் போனார்கள். 2021-இல் சுவீடனின் ஸ்மார்ட் ஐ கம்பெனி அதை 7.35 கோடி டாலருக்கு வாங்கியது.

விளம்பரமும் காரும் ஏன் எடுபட்டன? விளம்பரத்தில் முந்நூறு பேர் முகத்தைப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள். பத்தாவது வினாடியில் கூட்டம் சிரித்ததா என்பதுதான் கேள்வி. ஒருவரைத் தப்பாகக் கணித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. காரில் விஷயமே வேறு. இமை எத்தனை நேரம் மூடியிருக்கிறது என்பதை அப்படியே அளக்கலாம்; மனசை ஊகிக்க வேண்டியதில்லை. அதோடு, ஓட்டுநர் தூங்கி வழிந்தால் எச்சரிக்கும் வசதி 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். சட்டமே வாடிக்கையாளரைக் கொண்டுவந்து விடும்போது விற்பது சுலபம். சந்தை தேடும்போது இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்: ஒருவரைத் தப்பாகச் சொன்னால் கெட்டுப்போகாத வேலை, அல்லது வெளியே தெரியும் அறிகுறியே போதும் என்கிற வேலை.

இது இரண்டுமே இல்லாத இடம் வேலைக்கு ஆள் எடுப்பது. அமெரிக்காவின் ஹயர்வ்யூ கம்பெனி வீடியோ நேர்காணலில் முகத்தை வைத்து மதிப்பெண் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்தது. இப்போது ஐரோப்பாவில் அது தொழில் முடிவு என்ற கட்டத்தையும் தாண்டிவிட்டது. வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் ஆட்களின் முகம், குரல் போன்றவற்றை வைத்து உணர்ச்சியை ஊகிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு தவிர மற்ற காரணங்களுக்கு, ஐரோப்பிய ஏஐ சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலக விற்பனையில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். கால் சென்டரில் வாடிக்கையாளரின் குரலை அலசுவது இந்தத் தடைக்குள் வராது. ஆனால் அதே அழைப்பில் ஏஜென்டின் (பதில் சொல்லும் ஊழியரின்) குரலை அலசினால் வந்துவிடும். ஒரே ஆடியோ ஃபைல், பாதி சரி, பாதி குற்றம். ஐரோப்பிய கிளையன்ட்டுக்கு வேலை செய்யும் சென்னைக் கம்பெனிகள் இதைக் கவனிக்காமல் ஒப்பந்தம் போடக் கூடாது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சில விதிவிலக்குகள் போக, 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிக்க அனுமதிப்பதில்லை. "வகுப்பில் பிள்ளை கவனிக்கிறதா" என்று பள்ளிகளிடம் விற்க நினைப்பவர்கள் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

சரி, விலைக்கு வருவோம்.

முகத்துக்கு இத்தனை பைசா, நிமிஷத்துக்கு இத்தனை பைசா என்று போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அமேசானின் ரெகக்னிஷன் சேவையில் ஆயிரம் படங்களுக்குப் பட்டியல் விலையே ஒரு டாலர் அளவுதான். அளவு கூடினால் இன்னும் குறையும். நீங்கள் யூனிட் கணக்கில் விலை சொன்ன மறு நிமிஷம் வாங்குபவர் அதோடு ஒப்பிடுவார். இன்னொன்று, மீட்டர் ஓடினால் கை தானாகச் சுருங்கும். நூறு சீட் (ஏஜென்ட் உட்காரும் இடம்), ஒரு சீட்டுக்கு நாளுக்கு 5 மணி நேரப் பேச்சு, மாதம் 25 நாள் என்றால் 7,50,000 நிமிஷம். நிமிஷத்துக்கு 10 பைசா என்றால் 75,000 ரூபாய். பில்லைப் பார்த்ததும் "பத்தில் ஒரு அழைப்பை மட்டும் ஓட்டுங்கள்" என்பார்கள். எல்லா அழைப்பையும் சலித்து எடுக்கத்தான் உங்கள் கருவி. அந்தப் பயனே போய்விடும்.

அப்படியானால் எதை வைத்து விலை சொல்வது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 10,000 அழைப்பு. அதில் உண்மையிலேயே கோபமானவை 200. உங்கள் கருவி 90 சதவீதக் கோபத்தைப் பிடிக்கும், சாதாரண அழைப்பில் பத்தில் ஒன்றைத் தப்பாகச் சிவப்பாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பிடிப்பது 180. தப்பாகப் பிடிப்பது 9,800-இல் 980. மொத்தம் 1,160 சிவப்பு. நூற்றுக்குப் பதினைந்து பதினாறுதான் நிஜம்.

இந்த எண்ணைக் கொண்டுபோய் "கோபமான அழைப்பைக் கண்டுபிடித்துவிட்டோம், ஏஜென்டின் இன்சென்டிவைக் குறையுங்கள்" என்றால் நாளுக்கு 980 அநியாயம். ஆனால் கால் சென்டர்களில் க்யூஏ (தரச் சோதனை) என்று ஒரு டீம் உண்டு. அழைப்புகளில் ஏதோ கொஞ்சத்தைக் குத்துமதிப்பாக எடுத்துக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் நூறில் கோபமானது இரண்டுதான் மாட்டும். உங்கள் சிவப்புப் பட்டியலிலிருந்து நூறு கேட்டால் பதினைந்துக்கு மேல் மாட்டும். அதே கருவி, அதே பிழை, ஏழெட்டு மடங்கு லாபம். விலையை அந்த டீமின் சம்பளக் கணக்கோடு சேர்த்துச் சீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சொல்லுங்கள். கம்பெனிகளின் பட்ஜெட்டில் 'உணர்ச்சி' என்று ஒரு தலைப்பு கிடையாது. க்யூஏ என்று கட்டாயம் இருக்கும்.

இலவச பைலட் (சோதனை ஓட்டம்) மட்டும் வேண்டாம். காசு போடாதவர் லாகினே செய்ய மாட்டார். சின்னத் தொகையாவது வாங்கி, பிற்பாடு பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். பைலட் தொடங்கும் முன் ஒரு வாரம் குத்துமதிப்பாக எடுத்த அழைப்புகளில் எத்தனை கோபம் என்று அவர்கள் ஆட்களையே எண்ணச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாமல் முன்னேற்றத்தை யாரிடமும் காட்ட முடியாது.

கருவிக்குத் தமிழ் தெரியும் என்று சொல்வதிலும் நிதானம் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கமெண்டுகள் 15,000-க்கும் மேல் குறியிட்டுத் தொகுத்து 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கமெண்ட் வேறு, போன் பேச்சு வேறு. தூத்துக்குடிக்காரரின் இயல்பான குரலும் கோயம்புத்தூர்க்காரரின் கோபக் குரலும் கருவிக்கு ஒன்றுபோலக் கேட்கலாம்; வாங்கப் போகிற இடத்தின் அழைப்புகளில் சோதித்துவிட்டு வாயைத் திறங்கள்.

நண்பர் ஆறு மாதம் கழித்து அதே கால் சென்டருக்குத் திரும்பப் போனார். பட்டை, சதவீதம், சிவப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'இன்று கேட்க வேண்டிய 40 அழைப்புகள்' என்ற ஒரு பட்டியலை மட்டும் விட்டிருந்தார். சூப்பர்வைசர் அம்மா முதல் ஐந்தைக் கேட்டார். இரண்டு பஸ் ஸ்டாண்ட், ஒன்று காது கேட்காத பெரியவர், இரண்டு நிஜமான சண்டை. "பரவால்ல சார், இதுக்கு முன்னாடி ரெண்டுகூட சிக்காது" என்றார். சீட் கணக்கில் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்தானது.