பச்சைச் சீட்டில் புள்ளடி வேண்டாம்: அவுஸ்திரேலியாவில் வாக்களிக்கும் முறை

அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற 18 வயது நிரம்பியவர் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதும் வாக்களிப்பதும் சட்டப்படி கடமை. 1922 மத்திய தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு அறுபதைத் தொடவில்லை. 1924இல் வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1925இல் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 91ஐத் தாண்டினார்கள். ஆனால் சட்டம் உங்களை வாக்குச்சாவடி வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே சீட்டைப் பிழையாக நிரப்பினால், மினக்கெட்டுப் போனதெல்லாம் வீண்.

முதலில் பதிவு. சாரதி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ் இலக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பதியலாம். வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். தேர்தலுக்கான ஆணை பிறந்து ஏழாம் நாள் இரவு 8 மணியோடு இடாப்பு மூடப்படும். "பிறகு பார்க்கலாம்" என்றிருப்பவர்கள் தவறவிடுவது இந்த நாளைத்தான்.

சனிக்கிழமை காலை 8 முதல் மாலை 6 வரை வாக்களிப்பு. அடையாள அட்டை தேவையில்லை. பெயர், முகவரி, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா என்று மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு இரண்டு சீட்டுகள் தருவார்கள். அன்று வேலை, பயணம் என்றால் முன்கூட்டியே வாக்களிக்கும் நிலையமோ தபால் வாக்கோ இருக்கிறது. கட்டாயம் என்று சொல்லும் அரசு இத்தனை வசதியும் செய்துதர வேண்டும், இங்கே செய்கிறது.

பச்சைச் சீட்டு நாடாளுமன்றத்தின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபைக்கு. ஊர்ப்பழக்கம் காலை வாருவது இதில்தான். இலங்கையில் கட்சிக்குப் புள்ளடி (X) போட்டு, விருப்பு வாக்கு மூன்றோடு நிறுத்துவோம். இந்தியாவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. இங்கே எல்லாப் பெட்டியிலும் இலக்கம் வேண்டும். முதலில் பெட்டிகளை எண்ணுங்கள். ஏழு இருந்தால் கடைசியாக எழுதுவது 7ஆக இருக்க வேண்டும். 8 வந்தால் ஓர் இலக்கத்தைத் தாண்டிவிட்டீர்கள். 6இல் நின்றால் ஒன்றை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். புள்ளடி, சரி அடையாளம், வெறும் 1, இவை எதுவும் செல்லாது. உங்கள் பெயரையும் எழுதாதீர்கள். ஆளை அடையாளம் காட்டும் சீட்டு நிராகரிக்கப்படும்.

ஏன் எல்லா இலக்கமும்? யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்புக்கு மாற்றுவார்கள். உங்கள் 1 களத்தில் நிற்கும்வரை 2ஐ யாரும் பார்ப்பதில்லை. ஆகவே பிடித்தவருக்கே துணிந்து 1 போடலாம். கட்சிக்காரர் வாசலில் தரும் அட்டை அவர்களுடைய யோசனை மட்டுமே.

சிட்னிவாசிகள் கவனிக்க: நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கீழ்சபைத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலும் செல்லும். அதே கையோடு மத்திய தேர்தலுக்குப் போனால் வாக்கு வீண்.

நீளமான வெள்ளைச் சீட்டு மேல்சபையான செனட் சபைக்கு. சீட்டின் குறுக்கே உள்ள கோட்டுக்கு மேலே கட்சிகளுக்கு 1 முதல் 6 வரையாவது, அல்லது கீழே வேட்பாளர்களுக்கு 1 முதல் 12 வரையாவது எழுதுங்கள். எதிலாவது பிழை விட்டால் வாக்குப்பெட்டியில் போடுமுன் கேளுங்கள், வேறு சீட்டுத் தருவார்கள். தனியே நிரப்ப இயலாத முதியவர்கள் உதவிக்கு ஒருவரைக் கூட்டிச்செல்லலாம். அவர் வேட்பாளராக இருக்கக் கூடாது.

வாக்களிக்கத் தவறினால் மூன்று மாதத்துக்குள் கடிதம் வரும். தக்க காரணம் எழுதலாம், அல்லது 20 டொலர் தண்டம் கட்டலாம். நோய், அன்று வெளிநாட்டில் இருந்தது போன்றவற்றைத் திகதியோடு எழுதுங்கள். "யாரையும் பிடிக்கவில்லை" என்பது எடுபடாது: எல்லா வேட்பாளரும் முதலாளித்துவத்தை ஆதரிப்பவர்கள் என்று மறுத்த சோசலிசவாதி ஜட்டின் வாதத்தை 1926இலேயே உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. கடிதத்தை மேசையில் போட்டு மறந்துவிடாதீர்கள். பதில் போகாவிட்டால் விஷயம் நீதிமன்றம்வரை போகலாம். அங்கே தண்டமும் கூடும், செலவும் சேரும்.