விறைப்புக் குறைபாடு: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆணுறுப்பு போதிய அளவு விறைக்காத அல்லது விறைப்பு நிலைக்காத விறைப்புக் குறைபாட்டுக்குக் காரணம் தேடும் ஆண்கள் பெரும்பாலும் முதலில் வயதையும், அடுத்ததாக இளமைக்காலச் சுயஇன்பப் பழக்கத்தையும் குற்றம் சாட்டுகிறார்கள். இரண்டாவது முற்றிலும் பிழையான நம்பிக்கை. விந்து வெளியேறுவதால் நரம்பு தளர்வதுமில்லை, உடல் வற்றுவதுமில்லை. லேகிய விளம்பரங்களுக்குத்தான் அந்த அச்சம் சோறு போடுகிறது. வயது என்ற பதிலும் அரைகுறையானது. வயது ஏற ஏறப் பாதிப்பு கூடுவது உண்மைதான் என்றாலும், வயதோடு கூட வந்து சேரும் சலரோகம், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவையே அங்கே பெரும்பங்கு வகிக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இதைப் படுக்கையறைக்கு மட்டுமே உரிய பிரச்சினையாகக் கருதுவது. பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை வெளியிட, குழாய்த் தசைகள் தளர்ந்து, இரத்தம் உட்புகுந்து தங்குகிறது. விறைப்பு என்பது இவ்வளவுதான். ஆணுறுப்புக்குச் செல்லும் நாடியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர். இதயத் தசைக்குச் செல்லும் நாடி 3 முதல் 4 மில்லிமீற்றர். உடல் முழுவதும் ஒரே விதமாகக் கொழுப்புப் படிந்தாலும் சிறிய குழாயே முதலில் அடைபடும் என்பதால், இக்குறைபாடு சிலரில் மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டுகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் நாள் முழுவதும் கடையில் அமர்ந்து வியாபாரம் பார்த்து, புகைபிடித்து, இரவு பதினொரு மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிடும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இந்தக் குறை தோன்றினால், அவருக்கு உடனடித் தேவை இரத்தச் சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் பரிசோதனையே. சலரோகம் குழாயையும் நரம்பையும் ஒருசேரக் கெடுப்பதால், தனக்குச் சீனி இருப்பதையே இக்குறையின் மூலம் அறிந்துகொள்பவர்களும் உண்டு.

எடுத்துவரும் மாத்திரைகளைச் சந்தேகிக்காமல் விடுவது ஒரு தவறு. சந்தேகித்தவுடன் தாமாகவே நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஹைட்ரோகுளோரோதயசைட், அட்டெனலோல் போன்ற சில பிரஷர் மாத்திரைகளும், புளுஒக்சற்றீன், சேர்ட்ரலீன் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் விறைப்பையோ விருப்பத்தையோ குறைக்கக்கூடும். ஆனால் அட்டெனலோலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. மாற்ற வேண்டியவர் வைத்தியர்.

வைத்தியரைத் தவிர்ப்பவர்கள் நேரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) கடை வெறிச்சோடும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டால், அட்டையிலிருந்து ஒரேயொரு மாத்திரை கத்தரிக்கப்பட்டுச் சிறு கடதாசி உறையில் கைக்கு வரும். காலாவதித் திகதி அட்டையின் மறுபாதியிலேயே தங்கிவிடும். வயாகராவின் மூலப்பொருளான சில்டெனாபில் அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. உரியவருக்கு அது நல்ல மருந்து. ஆனால் நெஞ்சுவலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் ஜி.ரி.என். போன்ற நைத்திரேற்று மருந்துகளைப் பாவிப்பவர் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தாகும் அளவுக்கு விழும். இயற்கை மூலிகை என்று விற்கப்படும் சில தயாரிப்புகளில் இதே இரசாயனம் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்பதால், லேகியம்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. இன்னொன்று, வயிறு முட்டப் புரியாணி சாப்பிட்ட கையோடு சில்டெனாபிலை விழுங்கிவிட்டு அது வேலை செய்யவில்லை என்று முடிவெடுப்பது: கொழுப்பு மிகுந்த உணவு அது உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும், பாலுணர்வுத் தூண்டல் இல்லாமல் அது எதையும் செய்யாது.

மனமும் காரணமாகும், முக்கியமாக இளைஞர்களில். அதிகாலையில் வழமைபோல விறைப்பு ஏற்பட்டு, துணையோடு இருக்கும்போது மட்டும் தவறுகிறதென்றால் பதற்றத்தை முதலில் சந்தேகிக்கலாம். ஒருமுறை தவறியதை நினைத்து அஞ்சுவதே அடுத்த முறையையும் கெடுத்துவிடும். ஆனால் ஐம்பதைக் கடந்தவரிடம் "எல்லாம் ரென்ஷன்" என்று சொல்லி அனுப்புவது பொறுப்பற்ற வேலை. மதுவைத் தைரியத்துக்கான மருந்தாக எண்ணுவதும் அப்படியே. அளவு கூடினால் அது நரம்பின் வேகத்தையே குறைக்கிறது. ஆண் ஹோர்மோன் குறைவு பலர் எண்ணும் அளவுக்குப் பரவலான காரணமல்ல. சோதிப்பதானால் காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும்.

கொழும்பில் தமிழ் ஆண்களுக்கென்று கூடுதலாக ஒரு தடை இருக்கிறது. வைத்தியருக்குத் தமிழ் தெரியாதபோது மொழிபெயர்க்க மகளையோ மருமகனையோ கிளினிக்குக்குக் கூட்டிச் செல்பவர், சீனியையும் முழங்கால் வலியையும் பற்றிப் பேசிவிட்டு இதை மட்டும் விழுங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். குறை எப்போது தொடங்கியது, காலையில் விறைப்பு உண்டா, எந்தெந்த மாத்திரைகள் எடுக்கிறார் என்ற மூன்றையும் நம்பகமான ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ துண்டுக் கடதாசியில் எழுதுவித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டினால், அறையில் யார் இருந்தாலும் வைத்தியர் வாசித்துக்கொள்வார்.