பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டுக்குப் போவது எப்படி

பொதுச் சுவருக்காகவோ பத்திரிகை வைத்த முறைக்காகவோ அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனால், வடசென்னையில் பலர் ஒரு சாவுக்காகக் காத்திருக்கிறார்கள். மாலையோடு வருபவரை யாரும் வாசலில் தடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்று அண்ணனைச் சுற்றி ஊரே இருக்கும். உங்களுக்கென்று அவரிடம் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆகவே சாதாரண நாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலில் இருப்பவரானால், மீன் ஏலம் நடக்கும் விடியற்காலையில் போகக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகைப் பழுது பார்த்துக்கொண்டும் வலையைச் சீர்செய்துகொண்டும் அவர் கரையிலேயே இருப்பார் என்பதால், அந்நாட்களின் மாலை நேரம் ஏற்றது. வருமானம் இல்லாத காலத்தில் மனிதருக்கு ரோஷம் கூடுதலாக இருக்கும். எனவே பணத்தை மட்டும் நீட்டிவிடக் கூடாது. பிள்ளைகளுக்குப் பழம் போதும்.

நேரில் போகத் துணிவில்லாதவர் ஆள் அனுப்பலாம், அதில் அவமானம் ஏதுமில்லை. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், பிரிய மாட்டேன் என்று தாம் இரண்டாவதாக மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து, அதை மீறிப் புறப்பட்டதால் கண்ணிழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்ற பிறகும், முதல் மனைவி பரவையாரின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. தூது போனவர் சிவபெருமானே. முதல் முறை அர்ச்சகர் வேடத்தில் போய் மறுக்கப்பட்டுத் திரும்பினார்; மறுமுறை தம் உருவிலேயே போன பிறகுதான் பரவையார் இசைந்தார். கடவுளுக்கே இரண்டு நடை தேவைப்பட்டிருக்கும்போது, நம் மாமா ஒரு முறை போய் வெறுங்கையோடு வந்ததற்காக அவரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. தூது போகிறவர் இங்கே கேட்ட வசவை அங்கேயும், அங்கே கேட்டதை இங்கேயும் கொண்டு சேர்க்காதவராக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். இனிக்கப் பேசுகிறவரைவிட மறதிக்காரர் இவ்வேலைக்குப் பொருத்தமானவர்.

என்ன பேசுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நான் முதல் முறை போனபோது, “தப்பு என்னுதுதாண்ணே, ஆனா நீயும்...” என்று தொடங்கினேன், அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அந்த ‘ஆனா’வை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு எனக்கு மேலும் எட்டு மாதங்கள் பிடித்தன. அடிக்கவும் அடிபடவும் அஞ்சாத ஆட்களுக்கு எங்கள் தெருவில் என்றுமே பஞ்சமில்லை. பாதி நியாயம் தம் பக்கம் இருந்தும் அதைச் சொல்லாமல் வாசலில் நிற்கக்கூடியவரைத் தேடத்தான் வேண்டும். “உன்னைப் பாக்கணும்னு வந்தேண்ணே” என்ற ஒரு வாக்கியம் முதல் நாளைக்குப் போதும். சுவர், பத்திரம், பங்கு ஆகியவற்றை மூன்றாவது சந்திப்பு வரை எடுக்கவே கூடாது.

அண்ணி டீ கொண்டுவந்தால் வேண்டாம் என்று மறுக்காமல் குடித்துவிட்டு, அண்ணன் பேசினாலும் பேசாவிட்டாலும், அரை மணி நேரத்திற்குள் எழுந்துவிட வேண்டும். செருப்பு மாட்டும்போது, மறுபடி எப்போது வருவீர்கள் என்று பிள்ளைகளில் ஒருவர் கேட்கக்கூடும். அப்போது, நிச்சயமாக வர முடிந்த ஒரு கிழமையை மட்டும் சொல்லிவிட்டு, அந்தக் கிழமையில் போய் நிற்க வேண்டும்.