ஜெனரேற்றர், கிணற்று மெசின், தணல் சட்டி: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழையில் கறண்ட் நின்றால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான். ஜெனரேற்றர் நனையக்கூடாது, களவு போகவும் கூடாது என்று அதைப் பின்விறாந்தையிலோ குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையிலோ வைத்து ஓடவிடுவார்கள். சாரல் அடிக்கிறது என்று யன்னலையும் சாத்திவிடுவார்கள். மெசின் பத்திரம். உள்ளே படுத்திருப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

பெற்றோல், மண்ணெண்ணெய், விறகு, கரி எதுவும் முழுதாக எரியாதபோது காபனோரொட்சைட்டு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. மூச்சோடு உள்ளே போனால், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு ஒட்சிசன் கிடைக்காது. புகை தெரியாவிட்டாலும் வாயு வரலாம், அதனால் "இது புது மெசின், புகையே வராது" என்று நம்பியிருக்க வேண்டாம். ஒரு யன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் பிழை. கதவு, யன்னலில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வெளியே வையுங்கள். மழைக்கு மேலே ஒரு தகரம் போடலாம். நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

என்னை அதிகம் பயப்படுத்துவது கிணறு. கோடையில் நீர்மட்டம் இறங்கிவிட்டால், மேலே வைத்த இறைப்பு மெசின் ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழே இருந்து தண்ணீரை இழுக்கத் திணறும். உடனே கயிறு கட்டி மெசினையே கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுகிறோம். கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லை, வாயு அப்படியே தேங்கும். மெசினை நிறுத்திய பிறகும் உடனே போய்விடாது. சேறு அள்ள இறங்குபவர் சில நிமிடங்களில் கை கால் சோர்ந்து விழுவார். அவரைத் தூக்க என்று அடுத்தவர் குதிப்பார், அவரும் விழுவார். தயவுசெய்து யாரும் பின்னால் இறங்காதீர்கள். மேலே நின்றே கயிறு எறியுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990 இற்கு எடுத்து அம்புலன்சை வரவழையுங்கள். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் நம்பவேண்டாம். ஒட்சிசன் மிகவும் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது நின்று எரியும்.

பிள்ளை பெற்ற வீட்டில் தாயும் குழந்தையும் இருக்கும் அறைக்குள் தணல் சட்டி வைத்து, குளிர் படக்கூடாது என்று கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துத்தான். கரி கனன்று சிவந்திருக்கும்போது புகை தெரியாது, வாயு வந்துகொண்டே இருக்கும். சாம்பிராணி காட்டுவதென்றால் கதவைத் திறந்து வைத்துக் காட்டிவிட்டு, சட்டியை உடனே முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். அடைத்த கராஜில் வாகனத்தை ஓடவிடுவதும் அப்படித்தான்.

அறிகுறிகள் ஏமாற்றும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, உடல் அலுப்பு, பிறகு தடுமாற்றம், நெஞ்சு நோ, மயக்கம். மாரியில் இங்கே டெங்குக் காலம் என்பதால் "வைரசாக இருக்கும்" என்று பனடோல் போட்டுப் படுத்துவிடுவோம். படுப்பதுதான் பெரிய தவறு, நித்திரையிலேயே உயிர் போகலாம். காய்ச்சல் இல்லை, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே வந்தால் குறைகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிவாருங்கள், பிறகு வைத்தியசாலை. கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவி 98 காட்டுகிறது என்று வீட்டில் நின்றுவிடாதீர்கள். ஒட்சிசன் ஏறிய இரத்தத்தையும் இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

வெளிக்காற்றில் இருந்தால் இரத்தத்தில் உள்ள வாயு பாதியாகக் குறைய 4, 5 மணித்தியாலம் போகும். முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் குறையலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளர் காத்திருக்கவே கூடாது. சுகமாகிப் போன சிலருக்குக்கூட நாட்கள், வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் வருவதுண்டு. "வீட்டில் ஜெனரேற்றர் ஓடியது" என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

இந்த வாயுவைக் கண்டு அலறும் சின்ன அலாரம் கருவி உண்டு. கனடாவிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இருந்தால், அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்கும் அறைக்குப் பக்கத்தில் மாட்டி, பற்றரி வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பொத்தானை அமத்திப் பாருங்கள்.